பதில் மணி

ஒரு திரி மட்டும் உள்ளே போயிருந்தது.

மற்றவையெல்லாம் நேற்று வெட்டிவிட்டபடியே நின்றன. மணலுக்கு மேல் ஒரு சாண் உயரம், கறுப்பு, வரிசை பிசகாமல் குட்டையின் இந்தக் கரையிலிருந்து எதிர்க்கரை வரைக்கும். இந்த ஒன்று மட்டும் விரல் நீளம்தான் வெளியே தெரிந்தது. பெல்லு அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். யாராவது மிதித்திருப்பார்கள் என்று நினைத்தார். மிதித்தால் மடங்குமே தவிர உள்ளே போகாது என்பதும் உடனே தெரிந்தது. பிற்பகல் வெயில் சாம்பல் நிறத் தரையில் பட்டு முகத்தில் அடித்தது. வியர்த்த கையில் வெகுநேரம் பிடித்திருந்த சாவியின் வாடை அந்த இடத்துக்கு எப்போதும் உண்டு. இன்றைக்கு அது கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

திரி என்றால் விளக்குத் திரி இல்லை. நான்கு விரல் அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டை, நடுவில் தண்ணீர் ஏற வழி. உயரமான ஓர் இயந்திரம் அதைத் தையல் ஊசி மாதிரி சேற்றுக்குள் ஆழமாகக் குத்தி விட்டுவிட்டு வரும். மேலே மண்ணைக் கொட்டி அமுக்கினால் கீழே இருக்கிற தண்ணீர் திரி வழியாக ஏறி வெளியே வரும், சேறு இறுகும், இறுகின பிறகு நல்ல மண் போட்டுப் புல் நடுவார்கள். அதுதான் திட்டம். மலையைத் தோண்டி, கல்லை மாவாக அரைத்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சச் சேற்றை வருஷக்கணக்காக இந்தக் குட்டையில் கொட்டியவர்கள் இப்போது வாசலில் ‘நில மீட்புப் பணி’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். மீட்பாம். பாலில் ஆடை கட்டின மாதிரி மேலே காய்ந்த ஓடு, அதற்குக் கீழே இன்னமும் கூழ். அந்த ஓட்டின் மேல் துணி விரித்து, துணியின் மேல் மணல் பரப்பி, மணலின் மேல் மனுஷனை நடக்க விட்டிருக்கிறார்கள். பெல்லுவுக்கு இந்த இடத்தைக் கண்டாலே எரிச்சல். இந்த இடத்துக்கும் அவரைக் கண்டால் அப்படித்தான் என்று கொஞ்ச நாளாகவே அவருக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

அவர் பட்டையை இரண்டு விரலால் பிடித்து மேலே இழுத்தார். கொஞ்சம் வந்தது. விட்டதும் மறுபடி உள்ளே போனது. சேறு அமுங்குகிறது, கூடவே பட்டையையும் இழுக்கிறது, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டு திரும்பவும் பிடித்தார். தூரத்தில் மைத்துனனின் டோசர் மண்ணைத் தள்ளிக்கொண்டு உறுமியது. அந்த உறுமல் தரை வழியாக வந்து முழங்காலில் தெரிந்தது. அது ஓய்ந்த ஒரு நொடியில், பட்டை அவர் விரலுக்குள்ளேயே இழுபட்டது.

ஒன்று. இரண்டு. மூன்று.

மூன்றும் ஒரே அளவு, ஒரே இடைவெளி. பிறகு சும்மா இருந்தது. காத்திருந்தது.

அவருடைய மூளை ஏதாவது சொல்வதற்குள் கை வேலையை முடித்துவிட்டது. மூன்று முறை இழுத்துப் பதில் கொடுத்துவிட்டது.

பெல்லு என்ற பெயர் வந்ததே அந்தக் கையால்தான். சுரங்கம் ஓடின காலத்தில் அவர் வின்ச்சு ஓட்டியவர், குழிக்குள் ஆள் ஏறும் தொட்டியை இறக்கித் தூக்குகிற இயந்திரம் அது. குழிக்கு அடியிலிருந்து ஒரு கம்பி மேலே வின்ச்சு அறை வரைக்கும் வரும், அதன் நுனியில் மணி. கீழே இருப்பவர்கள் கம்பியை ஒரு முறை இழுத்தால் ‘நிறுத்து’. இரண்டு முறை இழுத்தால் ‘இறக்கு’. மூன்று என்றால் ‘ஆள் ஏறுது, மெதுவாகத் தூக்கு’. கேட்ட மணியை அப்படியே திருப்பி அடித்துப் பதில் கொடுத்த பிறகுதான் தொட்டியை அசைக்கலாம். பதில் மணி என்பது வாக்கு. மூன்றுக்கு மூன்று வந்துவிட்டால் கீழே இருப்பவன் தைரியமாகத் தொட்டிக்குள் காலை வைப்பான். வைத்த பிறகு தூக்காமல் விட்ட வின்ச்சுக்காரன் என்று ஒருவனைப் பற்றி பெல்லு கேள்விப்பட்டதே இல்லை.

அவர் கையை எடுத்துக் கால்சட்டையில் துடைத்தார். உள்ளங்கை முழுக்கச் சாம்பல் நிறக் கூழ். துடைக்கத் துடைக்க விரல் இடுக்குக்குள் போனது. பட்டை மறுபடி ஆடியது, மூன்று, அதே இடைவெளியில். அவர் தொடவில்லை. எழுந்து, சாதாரணமாக நடக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் கரையை நோக்கி நடந்தார்.

சூப்பர்வைசரை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் ‘அவசரம்’ என்பார்கள். எதைக் கேட்டாலும் அவசரம் என்றுதான் ஆரம்பிப்பார். தகரக் கொட்டகையில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, வரைபடத்தின் மேல் டீ டம்ளரை வைத்திருந்தார்.

“மூணாவது வரிசைப் பக்கம் நாளைக்கு வண்டிய விட வேண்டாம் சார். அடியில ஏதோ சரியில்ல.”

“என்ன சரியில்ல? சீக்கிரம் சொல்லு.”

“திரி உள்ள இழுக்குது.”

“இழுக்கத்தான்யா செய்யும். சேறு இறங்குனா திரியும் இறங்கும். வேலை நடக்குதுன்னு அர்த்தம்.”

“ஒரே சீரா இழுக்குது சார். மூணு தடவை.”

அவசரம் அப்போதுதான் நிமிர்ந்தார். அவருடைய பார்வை பெல்லுவின் முகத்திலிருந்து சாம்பல் ஒட்டிய கைக்கு இறங்கியது. அங்கேயே கொஞ்சம் நின்றது. பிறகு டம்ளரைத் தூக்கிக் குடித்தார்.

“மணி அடிச்ச காலமெல்லாம் போயிடுச்சு பெல்லு. மழைக்கு முன்னாடி மண்ணு போட்டு முடிக்கணும். முடியாதுன்னா சொல்லிடு. வேற ஆள் வெளியில நிக்குது, உனக்கும் சரி, உன் மச்சானுக்கும் சரி.”

வெளியே மைத்துனன் வண்டியை நிறுத்திவிட்டு, குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். ஒட்டுக் கேட்டிருக்கிறான் என்பது பல்லைக் காட்டியதிலேயே தெரிந்தது. அக்கா வாங்கிக் கொடுத்த எஃகுக் கைக்கடிகாரம் பட்டை தளர்வாக இருந்ததால், முழங்கை வரை ஏறி இறங்கியது. சதை வைத்தால் சரியாகிவிடும் என்று அவள்தான் சொல்லியிருந்தாள். அவன் சதை வைக்கிற ஜாதி இல்லை.

“கீழேருந்து போன் வந்துச்சாமே மாமா. எடுத்தீங்களா, கட் பண்ணிட்டீங்களா?”

“எடுத்துட்டேன்டா. அதான் பிரச்சினை. மாப்ள, நாளைக்கு ஒரு நாள் லீவு போடேன்.”

“ஐயோ, நீங்களும் அக்கா மாதிரி ஆரம்பிக்காதீங்க.”

அக்கா ஆரம்பித்து வெகுநாள் ஆகிவிட்டது. அம்மா போனபோது தம்பி அவள் இடுப்புயரம் இருந்தான். அதற்குப் பிறகு அவனைக் குளிப்பாட்டியது, பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு விழித்திருந்தது எல்லாம் அவள்தான். இந்தக் குட்டையின் மேல் அவன் வண்டி ஓட்டப் போகிறான் என்றதும் நாள் முழுக்க அடுப்பைப் பற்றவைக்கவில்லை. பிறகு பெல்லுவைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள். “அவன் ஓட்டட்டும். ஆனா கண்ணு நீங்க வைக்கணும். தினமும் முழுசா கூட்டிட்டு வந்து என் முன்னால நிறுத்துங்க.” பெல்லு சரி என்றார். அன்றிலிருந்து அவருக்கு இந்த வேலையில் முக்கியமான விஷயம் அது ஒன்றுதான். மண் இறுகினால் என்ன, புல் முளைத்தால் என்ன.

வீடு குட்டைக் கரையின் அடியிலேயே இருந்தது. சுரங்கத்துக்காரர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகள், சுவரோடு சுவர் ஒட்டினவை, பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தன. வாசலுக்கு எதிரே ஒரு சந்து, சந்தைத் தாண்டினால் நேராக மண் கரைதான் ஏறும். வானம் பார்க்கக் கழுத்தை வளைக்க வேண்டும். பெல்லு கதவை மூன்று முறை தட்டினார். உள்ளேயிருந்து மனைவி மூன்று முறை தட்டினாள். பிறகுதான் தாழ்ப்பாள் விலகியது. கல்யாணமான புதிதில் வேடிக்கையாக ஆரம்பித்த பழக்கம். இப்போது மூன்று தட்டாமல் யார் வந்தாலும் அவள் திறப்பதில்லை, தம்பிக்கும் அதே சட்டம்தான். இன்றைக்கு அந்தப் பதில் தட்டலைக் கேட்டதும் பெல்லு கதவிலிருந்து கையைச் சட்டென்று எடுத்தார்.

“என்ன, பேயறைஞ்ச மாதிரி வர்றீங்க?”

“வெயில்.”

“அவன் எங்க?”

“பின்னாடியே வர்றான்.”

அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, சந்தில் தம்பியின் தலை தெரிந்த பிறகுதான் அவள் உள்ளே போனாள்.

சாப்பிடும்போது அவன் அவசரத்தைப் போல நடித்துக் காட்டினான். திரியைப் பற்றிச் சொன்னான், மாமா பயந்து போய் நடந்து வந்த நடையையும் எழுந்து நின்று நடந்து காட்டினான். அவள் சிரிக்கவில்லை. கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டுக் கணவனைப் பார்த்தாள்.

“மூணா?”

“ம்.”

“நீங்க பதில் கொடுத்தீங்களா?”

“கைப் பழக்கம்.”

“கொடுத்துட்டு?”

“கொடுத்துட்டு என்ன, எழுந்து வந்துட்டேன்.”

அவள் வின்ச்சுக்காரன் பெண்டாட்டி. அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. “கீழ ஆள் இருந்திருந்தா?” என்றாள்.

“அங்க எவன் இருக்கான். சும்மா சாப்பிடு.”

படுத்த பிறகு அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார். அங்கே யாரும் இல்லை. குட்டைக்கு அடியில் ஒரு பழைய குழியின் வாய் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது காலிக் குழி. கடைசி ஆளையும் மேலே ஏற்றிய பிறகுதான் சேற்றைத் திறந்துவிட்டார்கள், ஏற்றியவரே அவர்தான். ஒருவரும் சாகவில்லை, ஒருவரும் காணாமல் போகவில்லை. அப்படியானால் அந்த மூன்றை எது, எங்கே படித்தது? குட்டை நிரம்பிக்கொண்டிருந்த வருஷங்கள் பூராவும் பக்கத்துப் புதுக் குழியில் மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது. பகல் ஷிப்டு, ராத்திரி ஷிப்டு, பாறையை ஒட்டி இறங்கின கம்பி, மூன்றுக்கு மூன்று, இரண்டுக்கு இரண்டு. கேட்டுக் கேட்டுப் படித்துக்கொள்ள அதற்கு வேண்டிய அளவு நேரம் இருந்திருக்கும். குளியலறையில் தண்ணீர் போகும் துளை களக்கென்று ஒரு சத்தம் போட்டது. பிறகு இன்னொன்று. அவர் மூன்றாவதைக் கேட்க விரும்பாமல் போர்வையைக் காதுக்கு மேல் இழுத்துக்கொண்டார்.

காலையில் மூன்றாவது வரிசை முழுக்கவே உள்ளே போயிருந்தது. எல்லாத் திரியும் விரல் நீளம், எல்லாமே லேசாக ஆடிக்கொண்டிருந்தன. மணல் மேல் ஈரம் பூத்திருந்தது. வாடை தொண்டையில் இறங்கி நாக்கில் உட்கார்ந்துகொண்டது. பெல்லு சுற்றிலும் பார்த்துவிட்டு மண்டியிட்டார். ஒரு திரியைப் பிடித்து ஒரே ஒரு முறை இழுத்தார். நிறுத்து.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு விரலில் ஒரு இழுப்பு. ஒன்றே ஒன்று. அத்தோடு வரிசை பூராவும் அசைவற்று நின்றது.

அவருக்கு வந்தது நிம்மதி. சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் நிம்மதிதான் வந்தது. நிறுத்து என்றால் நிற்கிறது. சட்டம் தெரிந்த எதனுடனும் வேலை பார்க்கலாம் என்று முப்பது வருஷம் மணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனசு சொன்னது. அவர் எழுந்து மைத்துனனிடம் போய், “வண்டிய விட்டு இறங்காத, எந்தத் திரியையும் தொடாத,” என்று மட்டும் சொன்னார். அவன் நெற்றியில் கை வைத்துச் சல்யூட் அடித்தான்.

மத்தியானம் வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. டோசர் போனது, வந்தது, மண்ணைத் தள்ளியது. மேகம் கூடியது. வெயில் போய் எல்லாமே ஒரே சாம்பலாக, தரை எது வானம் எது என்று தெரியாமல் ஆனது. அவசரம் கரையில் நின்று கையை ஆட்டி ஆட்டி விரட்டினார். டோசர் மூன்றாவது வரிசைக்கு வந்தபோது கிழிந்த துணி ஒன்று சங்கிலிப் பட்டையில் சிக்கிக்கொண்டது. மைத்துனன் இஞ்சினை நிறுத்தாமல் குதித்து இறங்கினான்.

துணியைப் பிய்த்து எறிந்துவிட்டு அவன் நிமிரவில்லை. காலடியில் எதையோ பார்த்தான். பிறகு பெல்லு பக்கம் திரும்பி இரண்டு விரலை உயர்த்திக் காட்டினான்.

“மாமா, இங்க ரெண்டு அடிக்குது.”

“தொடாத.”

இஞ்சின் சத்தத்தில் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் அவன் அதைத்தான் செய்திருப்பான். சின்ன வயதிலிருந்து அந்த வீட்டுக் கதவைத் தட்டித் தட்டிப் பழகியவன். குனிந்து, திரியைப் பிடித்து, மாமாவைச் சீண்டுகிற சிரிப்போடு, இரண்டு முறை இழுத்தான்.

“பதில் கொடுத்தாச்சு. இப்ப என்ன ஆகும்?”

ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினான்.

டோசர் இறங்கியது.

சாயவில்லை. வழுக்கவில்லை. நான்கு மூலையும் சமமாக, அவசரமே இல்லாமல், தொட்டி இறங்குகிற அதே வேகத்தில். துணி கிழிகிற நீளமான சத்தம் வந்தது. மணல் வட்டமாக உள்ளே சரிந்தது. அதைச் சுற்றிக் கூழ் பளபளத்துக்கொண்டு மேலே ஏறியது. மைத்துனன் கதவைத் தள்ளினான். சேறு அந்தப் பக்கத்திலிருந்து தள்ளியது. கரையில் அவசரம் யாரும் போகாதே, யாரும் உள்ளே போகாதே என்று கத்திக்கொண்டிருந்தார். யாரும் போகவில்லை.

பெல்லு ஓடினார். காய்ந்த ஓடு காலுக்குக் கீழே நெளிந்தது. குப்புற விழுந்தார். கைக்கு எட்டிய திரியைப் பிடித்தார். ஒரு இழுப்பு.

நிறுத்து.

டோசர் நின்றது. ஜன்னல் மட்டத்தில் நின்றது. விரலில் பதில் வந்தது. ஒன்று.

ஜன்னலின் இடுக்கு வழியாக மைத்துனனின் கை மட்டும் வெளியே வந்திருந்தது, கடிகாரம் முழங்கைக்கு இறங்கியிருந்தது. இடையில் இரண்டு ஆள் நீளத்துக்குக் கூழ். பலகை இல்லை, கயிறு இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவன் முகம் சின்னதாக இருந்தது. காய்ச்சலில் அக்கா மடியில் கிடந்த முகம். பெல்லு வேறு வழி தெரியாமல் திரியை மூன்று முறை இழுத்தார். ஆள் ஏறுது. மெதுவாகத் தூக்கு. என் மாப்ளை ஏறுகிறான், தூக்கு.

பதில் வந்தது.

மூன்று. சுத்தமாக, இடைவெளி பிசகாமல். வரிசையில் இருந்த எல்லாத் திரியும் ஒன்றாக ஆடிப் பதில் சொல்லின. மைத்துனனும் அதைப் பார்த்தான். பார்த்ததும் கதவைத் தள்ளுவதை நிறுத்தினான். பதில் வந்துவிட்டது, இனிமேல் தூக்குவார்கள். சாய்ந்து உட்கார்ந்துகொண்டு மாமாவைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்றுமே நடக்கவில்லை.

நேற்று அவர் செய்ததை அது அப்படியே செய்தது. பிறகு டோசர் மறுபடி இறங்க ஆரம்பித்தது. பெல்லு ஒன்று இழுத்தார். மறுபடி இழுத்தார். திரி அவர் கையோடு அறுந்து வந்தது. கூரை போனது. கை கொஞ்ச நேரம் மேலே இருந்தது. பிறகு மணல் தானாகவே சரிந்து, அந்த இடத்தைப் பெருக்கி வைத்த மாதிரி சமமாக்கிக்கொண்டது.

கிரேன் வர மறுநாள் ஆகும் என்றார்கள். ஓடு தாங்காது, இன்றைக்கு ஒருவரையும் இறக்க முடியாது என்றார்கள். அவசரம் பெல்லுவின் முகத்தைப் பார்க்காமல் யாருக்கோ போன் செய்துகொண்டே இருந்தார். விளக்கு வைக்கிற நேரத்தில் யாரோ பெல்லுவை வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். அவர் மூன்று தட்டவில்லை. வெறும் கையைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் கழித்தோ அவளாகவே திறந்தாள். அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

அவர் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழவில்லை. தரையில் உட்கார்ந்து, அவருடைய கையில் ஒட்டியிருந்த சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முழுசா கூட்டிட்டு வர்றேன்னு சொன்னீங்க.”

அவர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“சொன்னீங்கல்ல.”

வெளியே மழை இன்னும் விழவில்லை. காற்றும் இல்லை. பக்கத்து வீடுகள் பூட்டிக் கிடந்தன. அணைந்த அடுப்பில் எதுவோ ஆறிப்போன வாடை. அதற்கு மேல், மெல்ல, சாவி வாடை.

கதவு தட்டப்பட்டது.

ஒன்று. இரண்டு. மூன்று.

இருவரும் அசையவில்லை. பெல்லு உள்ளே இருந்தார். அவரை விட்டால் அந்தக் கதவை மூன்று தட்டத் தெரிந்தவன் உலகத்தில் ஒருவன்தான். அவள் எழுந்தாள்.

“போகாத. பதில் கொடுக்காத.”

“என் தம்பிங்க.”

“அது அவனில்ல.”

“நீங்க பாத்தீங்களா?”

அவர் பார்க்கவில்லை. கதவு மறுபடி தட்டப்பட்டது. மூன்று. பொறுமையாக. அவர் அவள் கையைப் பிடித்தார். அவள் அந்தக் கையைப் பிரித்து எடுத்து, ஒரு பாத்திரத்தை ஓரமாக வைப்பது மாதிரி விலக்கி வைத்தாள்.

“நீங்க பதில் கொடுத்துட்டுத் தூக்காம வந்துட்டீங்க. நான் தூக்குவேன்.”

மூன்று முறை தட்டினாள். தாழ்ப்பாளை விலக்கினாள்.

வாசலில் யாரும் இல்லை. வாசல் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் படி மட்டும் இருந்தது. படியின் மேல் கறுப்புத் திரியின் நுனி, நனைந்து கிடந்தது. அது படியிலிருந்து இறங்கிச் சந்தைக் கடந்து, கரை மேல் ஏறி, உச்சிக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்று முறை ஆடியது.

அவள் குனிந்து அதை எடுத்தாள். உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். இழுத்தாள்.

வந்தது.

பெல்லு போய்ப் பிடித்துக்கொண்டார். பிடிக்கும்போதே நினைத்தார், ஒரு இழுப்பு போதும். ஒன்றே ஒன்று. நிறுத்து என்றால் நிற்கும். ஆனால் நிறுத்தினால் அவன் கீழேயே இருப்பான். அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்தது நம்பிக்கை. இன்றைக்கு அதைப் பார்க்க அவருக்கு எந்த யோக்கியதையும் இல்லை. அவரும் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

“மெதுவா,” என்றாள். “ஆள் ஏறுது.”

மெதுவாக இழுத்தார்கள். கை மாற்றி, கை மாற்றி. திரி படிமேல் சுருண்டு விழுந்தது. கனம் வந்தது. எந்தக் கனம் எத்தனை ஆள் என்று அவர் கைக்குத் தெரியும். இது ஒரு ஆள். மெலிந்த ஆள். அவன்தான். கடவுளே, அவன்தான்.

பிறகு இரண்டு ஆள்.

பிறகு தொட்டி நிறைய ஆள்.

பிறகும் ஏறியது. அவர் வாழ்நாளில் தூக்காத கனம். இப்போது ஒன்று கொடுக்க வேண்டும். நிறுத்து. கொடுக்கப் பார்த்தார். திரி விறைத்து நின்றது. பாரம் தொங்குகிற கயிற்றில் மணி அடிக்க முடியாது. விட முடியாது. திரி அவர் கையை இறுக்கியிருந்தது. அவள் கையையும். இழுக்காவிட்டால் அது இழுக்கும்.

கரை உச்சியில் ஏதோ மின்னியது.

கை. சாம்பல் பூசின கை. கடிகாரம்.

“வந்துட்டான்,” என்றாள் அவள். அழுதுகொண்டே சிரித்தாள். “வந்துட்டான், என் கண்ணு.”

கடிகாரத்துக்குக் கீழே மணிக்கட்டைச் சேற்றில் பிசைந்த மாதிரி இன்னொரு கை பிடித்திருந்தது. அந்தக் கையை இன்னொன்று. அதை இன்னொன்று. கரை உச்சியின் நீளத்துக்கும். ஷிப்டு முடிந்து தொட்டிக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி, முட்டாமல், மோதாமல், வரிசையாக.

அவளுக்கு முதல் கை மட்டும்தான் தெரிந்தது.

“இன்னும் கொஞ்சம்தாங்க,” என்றாள். “மெதுவா.”